தும்பைப்பட்டி தந்த மந்திரி

மதுரையிலிருந்து திருச்சி நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், மேலூரைக் கடந்த சிறிது தூரத்தில் தும்பைப்பட்டி என்னும் கிராமம் இருக்கிறது. தாழ்த்தப்பட்ட குடும்பமொன்றில் 1908ஆம் ஆண்டு ஜூன் 18ந் தேதி அங்கே பிறந்தவர் பி. கக்கன். கிராம தேவதைக்குப் பூசை செய்து வந்தவர் அவருடைய தந்தையார். பெரிய கோவிலின் வாயிலோ அக்குலத்தாருக்கு அடைபட்டிருந்தது. ஊர்ப்பொதுக் காரியங்களில் அவர்களுக்கு உழைப்பு உண்டு, உரிமை இல்லை. ஊராட்சியைப் பற்றிப் பேசுவோர் இந்த நிலையிலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டுமென்பது நமது துணிபு.

தேசிய இயக்கம் அவரை இளமையிலேயே ஈர்த்தது. மதுரை அ. வைத்தியநாதய்யர் அவருக்கு வழிகாட்டியாகவும் தந்தை போன்றவராகவும் வாய்த்தார். 1939ஆம் ஆண்டு ஜூலை 8ந் தேதி மீனாட்சியம்மன் ஆலயத்துள் அய்யருடன் பிரவேசித்த சிலருள் கக்கனும் ஒருவர். பல தலைமுறைகளாக மூடிக்கிடந்த வழி அன்று திறந்தது. அந்த ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்திற்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் அவர் சிறை புகுந்தார். பின்னர் அரசியல் நிர்ணய சபையிலும், 1952 முதல் 1957 வரை மதுரையின் பிரதிநிதியாக லோக்சபையிலும் அங்கத்தினராக இருந்தார். 1954ல் காமராஜர் முதன்மந்திரிப் பதவியை ஏற்றபோது, தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைமை கக்கனிடம் வந்தது.

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் மேலூர் இரட்டை அங்கத்தினர் தொகுதியாக இருந்தது. ஒரே தொகுதியின் வாக்காளர்கள் பொது ஸ்தானத்திற்கு ஒருவரையும், ஒதுக்கப்பட்ட ஸ்தானத்திற்கு ஒருவரையும் தேர்ந்தெடுத்தனர். அம்பலங்களின் செல்வாக்கு மிகுந்த அந்தத் தாலூகாவில் தும்பைப்பட்டிக்காரர் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது சிறிய காரியமன்று. இரட்டைத் தொகுதி முறை 1961ல் சட்டத்தால் நீக்கப்பட்டது. 1962ல் கக்கன் சமயநல்லூரிலிருந்து சட்டசபைக்குச் சென்றார்.

மராமத்து மந்திரியாக அவர் இருந்த காலத்தில், 1959ல், வைகை அணை திறக்கப்பட்டது. அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. பெரியாற்று நீர் 1895 முதல் மலையைக் கடந்து மதுரைச் சமவெளிக்கு வருகிறது. ஆயினும் தேக்கி வைக்க வைகையில் இடமில்லாதிருந்த குறையை இவ்வணை நீக்கியது. கள்ளந்திரி வரையில் இருபோகம், அதற்கப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம் என்ற பாசனக் கணக்கை அறிந்த குடியானவனுக்கு, அணையில் எத்தனை அடி நீர் என்பதே அந்த ஆண்டின் ஜாதகம். தண்ணீருக்கு ஏங்கும் மண்ணில் பிறந்தவர் அந்த இலாகாவை வகித்தது பொருத்தமே.

அக்காலத்திலேயே, 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி, கிராமப் பஞ்சாயத்துகளும் அவற்றை இணைக்கும் பஞ்சாயத்து யூனியன்களும் ஏற்பட்டன. பள்ளி, சாலை, குடிநீர் ஆகிய காரியங்கள் ஜனங்களின் வாசலுக்கு அருகில் வந்தன.

கக்கனின் வாழ்வில் நிழலே இல்லையென்று நாம் கூறோம். 1963க்குப் பின் போலீஸ் இலாகா அவர் பொறுப்பில் இருந்தது. 1965ஆம் ஆண்டு ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து உயிர்கள் மாண்டன. அந்தப் பொறுப்பிலிருந்து அவருடைய மந்திரி சபையை விடுவிக்க இயலாது. 1967ல் ஜனங்கள் தீர்ப்பளித்தனர். மேலூரில் கக்கன் தோற்றார். பதவி போனதும் கார் போயிற்று. வாடகை வீடும் பஸ் பிரயாணமும் வந்தன. பத்தாண்டுகள் மந்திரியாக இருந்தவர் தமக்கென ஏதும் சேர்க்கவில்லை. பிற்காலத்தில் மதுரை அரசாங்க ஆஸ்பத்திரியின் பொது வார்டில் அவர் சிகிச்சை பெற்று வந்ததை, அப்போதைய முதன்மந்திரி எம்.ஜி.ஆர். அங்கு சென்றபோதுதான் நாடு அறிந்தது. 1981ஆம் ஆண்டு டிசம்பர் 23ந் தேதி அவர் காலமானார்.

அவர் மறைந்து பதினாறு ஆண்டுகள் முடிவதற்குள், அதே மேலூர்த் தாலூகாவில் நடந்ததை நாம் மறக்கலாகாது. மேலவளவுப் பஞ்சாயத்துத் தலைமை ஒதுக்கப்பட்ட ஸ்தானமாக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் உடனிருந்த ஐவரும் 1997ஆம் ஆண்டு ஜூன் 30ந் தேதி கொலையுண்டனர். உசிலம்பட்டிப் பக்கத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஆகிய ஊர்களிலோ, தலைவர் தேர்தல் 2006 வரையில் பத்தாண்டு காலம் முறையாக நடைபெறவில்லை. கோட்டையில் மந்திரி நாற்காலியில் ஒருவர் அமர்வதைச் சகித்த சமூகம், கிராமச் சாவடியில் அவர் இனத்தார் தலைவராவதைச் சகிக்கவில்லை. தொலைவிலுள்ள அதிகாரத்தைவிட, தெருவிலுள்ள அதிகாரமே மனிதனின் அகந்தையை அதிகம் சோதிக்கிறது.

சமயநல்லூர் என்ற சட்டசபைத் தொகுதி எல்லை மறுசீரமைப்பில் மறைந்துவிட்டது. தொகுதிகள் தோன்றும், மறையும், கிராமம் நிலைத்திருக்கும். கக்கனுக்குத் தும்பைப்பட்டியில் 2001ல் மணிமண்டபம் எழுந்தது. அதற்கு மாலையிடுவதோடு நமது கடமை தீர்ந்துவிடாது. ஊர்ப்பணத்தில் ஒரு காசும் தொடாத தலைவரும், எக்குலத்தார் தலைவராயினும் மதித்து எதிரே அமரும் ஊராரும் ஒவ்வொரு பஞ்சாயத்திலும் சேர்ந்திருக்க வேண்டும். முன்னதைக் கக்கன் தமது வாழ்வில் செய்து காட்டினார். பின்னது நாம் செய்ய வேண்டியது.