கையில் ஈயத்தை ஊத்திக் காட்டிய இன்ஜினியர்

மெக்கானிக்கல் மக்களே, நாக்கிங் படிச்சிருப்பீங்க. ஸ்பார்க் பத்த வெச்ச தீ போய்ச் சேர்றதுக்குள்ள மிச்சப் பெட்ரோல் தானாவே வெடிச்சு, இன்ஜின் டொக் டொக்குனு அடிக்கும். அதுக்கு மருந்து கண்டுபிடிச்சவர் தாமஸ் மிட்ஜ்லி. 1889-ல் அமெரிக்காவில் பிறந்தவர், கார்னெல்லில் நம்ம டிபார்ட்மென்ட்தான்.

ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் என்னென்னவோ கலந்து பார்த்து, 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைப் பிடிச்சார். கொஞ்சூண்டு கலந்தா போதும், சத்தம் நின்னுடும். எத்தனாலும் நாக்கிங்கைக் குறைக்கும்னு அவருக்குத் தெரியும். ஆனா காப்புரிமை வாங்கி காசு பார்க்க ஈயம்தான் வசதி. விற்பனைக்கு வந்தப்போ பேரில் ஈயமே இல்ல, வெறும் எத்தில்!

விஷம்னு தெரியாதான்னு கேட்பீங்க. 1923 தொடக்கத்தில் ஈயத்தால் அவருக்கே நுரையீரல் பாதிச்சு, வேலையை விட்டுட்டு ஓய்வுக்குப் போனார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி ஆலையில் 5 தொழிலாளிகள் புத்தி பேதலிச்சு செத்தாங்க. அந்த மாசக் கடைசியில், பத்திரிகைக்காரங்க முன்னாடி அதே திரவத்தைக் கையில் ஊத்தி, ஒரு நிமிஷம் மோந்தும் காட்டினார். தினமும் செஞ்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு வேற சொன்னார்.

அவர் காட்டினது வளர்ந்த ஆளோட கை. ஆனா புகையில் வந்த ஈயம் குழந்தைங்க மூளைக்கும் போச்சு. ஈயம் உடம்புக்குள்ள கால்சியம் மாதிரி வேஷம் போடும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்கிற தடுப்பைத் தாண்டிப் போய், நரம்பு செல்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிறதைக் கெடுக்கும். வயித்துக்குள்ள போற ஈயத்தை, பெரியவங்களைவிட 4, 5 மடங்கு அதிகமா குழந்தை உடம்பு உறிஞ்சும். அதுவும் மூளை தன்னோட வயரிங்கைப் போட்டுக்கிட்டிருக்கிற வயசுல! 1979-ல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற டாக்டர், பள்ளிப் பிள்ளைங்களோட விழுந்த பால் பற்களை வாங்கிச் சோதிச்சார். ஈயம் அதிகமா இருந்த பிள்ளைங்களுக்கு ஐ.க்யூ. குறைவு, வகுப்பில் கவனமும் குறைவு. பார்த்தா நோயாளி மாதிரியே தெரியாது.

மிட்ஜ்லி அதுவரைக்கும் இல்ல. (ஃப்ரியானும் அவர் தந்ததுதான், அது தனிக் கதை.) 1940-ல் போலியோ வந்து படுத்தவர், படுக்கையிலிருந்து எழ தானே கயிறும் கப்பியும் வெச்சு ஒரு அமைப்பு செஞ்சார். 1944-ல் அந்தக் கயிறே கழுத்தை இறுக்கி, 55 வயசுல இறந்தார்.

அவரோட பெட்ரோல் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. இந்தியாவில் 2000 வரைக்கும், கடைசியா அல்ஜீரியாவில் 2021 வரைக்கும். உங்க அப்பா அம்மா சின்ன வயசுல பஸ் ஸ்டாண்டில் நின்னப்போ, பக்கத்துல போன ஸ்கூட்டர் விட்ட புகையில் இருந்தது அந்த ஈயம்தான்.