குரோம்பேட்டை பெயருக்குப் பின்னால் ஒரு அரசு ஆராய்ச்சி: யார் இந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன்?

தாம்பரம் போகும் மின்சார ரயிலில் பல்லாவரத்துக்கு அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டை. தினமும் இறங்கி ஏறுபவர்களில் பலருக்கும் தெரியாத விஷயம், இந்தப் பெயர் தோல் தொழிலில் இருந்து வந்தது. 1912-ல் சேம்பர்ஸ் குடும்பம் இங்கே தொடங்கிய குரோம் லெதர் கம்பெனிதான் காரணம். ஆனால் குரோம் முறையில் தோல் பதனிடுவதை அதற்கு முன்பே மெட்ராசில் அரசாங்கச் செலவில் சோதித்துப் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஆல்ஃபிரட் சாட்டர்டன்.

1866-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1888-ல் மெட்ராஸ் பொறியியல் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். அப்போது கிண்டி வளாகம் கிடையாது, கல்லூரி சேப்பாக்கத்தில் இருந்தது.

பாடம் நடத்துவதோடு அவர் நிற்கவில்லை. ஏற்றத்திலும் கவலையிலும் தண்ணீர் இறைக்க எவ்வளவு உழைப்பு செலவாகிறது, அதற்கு எவ்வளவு தண்ணீர் கிடைக்கிறது என்று அளந்தார். இன்றைக்கு எனர்ஜி ஆடிட் என்று சொல்லி தொழிற்சாலைகளில் செய்கிறார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. மாட்டுக்குப் பதிலாக எண்ணெய் இன்ஜின் வைத்தால் கட்டுப்படியாகுமா? காற்றாலை சரிப்படுமா? இரண்டையும் சோதித்தார். செங்கல்பட்டு பக்கம், சிங்கப்பெருமாள் கோவில் அருகே உள்ள மெல்ரோசாபுரத்திலும் இன்ஜின் பம்பு சோதனை நடந்தது. எல்லாக் கிணற்றுக்கும் இன்ஜின் பொருந்தாது, நீர் வரத்து போதுமான அளவு இருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்தது அலுமினியம். 1898-ல் மெட்ராஸ் கலைப் பள்ளியில் பாத்திரத் தொழிலாளர்களைக் கொண்டு அலுமினியப் பாத்திரங்கள் செய்ய ஆரம்பித்தார். பித்தளை மாதிரி ஈயம் பூச வேண்டியதில்லை, எடையும் குறைவு. விற்பனை சூடுபிடித்ததும் அந்தப் பிரிவை 1903-ல் இந்தியன் அலுமினியம் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார்கள். அரசு சோதித்துப் பார்க்கும், நஷ்டம் வந்தால் தாங்கும், வெற்றி பெற்றால் தனியாரிடம் ஒப்படைக்கும். இதுதான் அவர் வழி.

தோலிலும் அதையே செய்தார். ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிட வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பில் சில நாட்களிலேயே முடிந்துவிடும். குரோம் தோல் தண்ணீரில் சீக்கிரம் அழுகாது என்பதால் கவலை இறைக்கும் தோல் சால்களுக்கு அது நன்றாகப் பொருந்தியது. கலைப் பள்ளியில் தொடங்கிய சோதனை, பிறகு செம்பியத்தில் தனித் தொழிற்சாலையாக வளர்ந்தது.

இங்கேதான் சிக்கல். மக்கள் வரிப்பணத்தில் அரசே கடை விரித்தால் நாங்கள் எப்படிப் பிழைப்பது என்று ஐரோப்பிய வியாபாரிகள் கொதித்தார்கள். 1910-ல் லண்டனில் இருந்து இந்திய அமைச்சர் மார்லியின் உத்தரவு வந்தது. தொழில் கற்றுக்கொடுக்க அரசு செலவு செய்யலாம், தொழிற்சாலை நடத்தக் கூடாது. செம்பியம் தொழிற்சாலை ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. சேலத்தில் அவர் தொடங்கிய நெசவுக்கூடமும் மூடப்பட்டது.

வியாபாரிகளின் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் புது முறை ஓடுமா ஓடாதா என்று தெரியாத நேரத்தில் முதல் நஷ்டத்தை யார் ஏற்பது? அந்தக் கேள்விக்கு லண்டன் உத்தரவில் பதில் இல்லை.

1912-ல் சாட்டர்டன் மைசூர் சமஸ்தானத்துக்குப் போனார். அங்கே திவான் விஸ்வேஸ்வரய்யா. முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்த சந்தனக்கட்டை தேங்கியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழக வேதியியலாளர்கள் எண்ணெய் வடிக்கும் முறையை ஆராய்ந்து தர, 1916-ல் மைசூர் அரசே சந்தன எண்ணெய் ஆலையைத் தொடங்கியது. மெட்ராசில் தடுக்கப்பட்ட அதே வேலை, சமஸ்தான எல்லைக்குள் தடையில்லாமல் நடந்தது.

போர் ஆங்கிலேய அரசின் மனசையும் மாற்றியது. கப்பல் வராவிட்டால் சரக்கு இல்லை என்ற நிலை. 1916-ல் தாமஸ் ஹாலந்து தலைமையில் இந்தியத் தொழில் ஆணையம் அமைக்கப்பட்டது. மதன் மோகன் மாளவியாவோடு சாட்டர்டனும் அதில் உறுப்பினர். தொழில் வளர்ச்சியில் அரசு நேரடியாக இறங்க வேண்டும், மாகாணங்களில் தொழில் துறை வேண்டும் என்று 1918-ல் அந்த ஆணையம் அறிக்கை கொடுத்தது. ஒன்பது வருஷம் முன்பு சாட்டர்டன் கையைக் கட்டிப்போட்ட அதே அரசு, 1919-ல் அவருக்கு சர் பட்டம் கொடுத்தது. 1958-ல் அவர் காலமானார்.