மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை



கோர்ட்டுப் படி ஏறாத குடும்பம் நம்மில் சிலவே. வரப்புத் தகராறோ, பாகப்பிரிவினையோ, தோல் ஷாப்பில் நின்றுபோன கூலியோ, ஏதோ ஒன்று நம்மை வக்கீல் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கே பேசப்படுவதெல்லாம் நம்முடைய காரியமே. ஆனால் நமக்குத்தான் அது விளங்குவதில்லை. இந்தக் கஷ்டத்தை ஏறக்குறைய நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, நியாயாசனத்தில் இருந்துகொண்டே அதற்குப் பரிகாரம் தேடிய ஒரு கத்தோலிக்கரைப் பற்றி இந்த வாரம் அறிந்துகொள்ளுங்கள்.

வேதநாயகம் பிள்ளை 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி, திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தமிழும் ஆங்கிலமும் நன்கு கற்றார். திருச்சி கோர்ட்டில் தஸ்தாவேஜுகளைக் காக்கும் உத்தியோகத்தில் தொடங்கி, மொழிபெயர்ப்பாளராகி, பின்பு முன்சீப் பதவிக்கு உயர்ந்தார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நியாயம் தீர்த்தார். மாயூரத்தில் நெடுங்காலம் இருந்தபடியால் அவ்வூரின் பெயரே அவர் பெயரோடு சேர்ந்துவிட்டது.

அக்காலத்தில் மேல்கோர்ட்டுத் தீர்ப்புகள் யாவும் ஆங்கிலத்திலேயே இருந்தன. நிலத்தை இழந்தவன் எந்தச் சட்டத்தால் இழந்தான் என்று அவனுக்கே தெரியாது. பிள்ளையவர்கள் 1805 முதல் 1861 வரையில் சதர் கோர்ட்டு அளித்த தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கி, 1862இல் சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் நூலாக வெளியிட்டார். மேலதிகாரி கட்டளையிட்டுச் செய்த வேலையன்று அது. ஏழைக் கட்சிக்காரன் மேல் கொண்ட இரக்கத்தால் செய்தது.

அவரை வருத்திய மற்றொன்று பரிதானம். 1859இல் வெளிவந்த தமது நீதிநூலில் கைக்கூலி வாங்கும் உத்தியோகஸ்தரை அவர் வன்மையாகக் கண்டித்தார். பிறருக்குச் சொன்னதைத் தாமும் கைக்கொண்டு, கறைபடாத கையோடு 1872இல் வேலையிலிருந்து விலகினார்.

அதன்பின் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், தம் பொருளைச் செலவிட்டுப் பசித்தவருக்குக் கஞ்சி வார்த்தார். அந்தக் கொடையைக் கண்டு கோபாலகிருஷ்ண பாரதியார் அவர்மேல் கீர்த்தனை பாடினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அவருக்கு உற்ற நண்பர். தம் வேதத்தில் உறுதியாக நின்று தேவமாதாவைப் பாடிய அவரே, பிற சமயத்தாரோடு மனமொத்து வாழ்ந்தார் என்பதைக் கவனியுங்கள்.

கோர்ட்டில் கழித்த ஆண்டுகளில் கண்டதையெல்லாம், 1879இல் அச்சான பிரதாப முதலியார் சரித்திரத்தில் கதையோடு கதையாகச் சேர்த்து வைத்தார். தமிழின் முதல் நாவல் அதுவே. நியாயாதிபதியும் தமிழர், வக்கீலும் தமிழர், கட்சிக்காரரும் தமிழர். அப்படியிருக்க வழக்கு மட்டும் ஏன் ஆங்கிலத்தில் நடக்கவேண்டும் என்று அதில் கேட்டார். இன்று கீழ்க்கோர்ட்டுகளில் தமிழ் வழங்குகிறது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சிலவும் தமிழில் பெயர்க்கப்படுகின்றன. ஆனால் சென்னை உயர்நீதிமன்றத்தின் மொழி இன்னும் ஆங்கிலமே. அவருடைய கேள்வி முழுவதும் தீர்ந்தபாடில்லை.

1889 ஜூலை 21ஆம் தேதி அவர் காலமானார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை சட்டம் படிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். இந்த முன்சீப்பின் கதையைச் சொல்லி அனுப்புங்கள். சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவரே, உங்கள் மேஜைக்கு முன் நிற்கும் எளியவனுக்கு அவன் காரியத்தை அவனுக்குப் புரியும்படி ஒரு முறை சொல்லுங்கள். அதற்குக் கூலி கேளாதீர்கள். கோர்ட்டுக்குப் போகவேண்டியவரே, தமிழில் படித்து விளக்கப்படாத எந்தக் காகிதத்திலும் கையெழுத்தோ கைநாட்டோ இடாதீர்கள். விளக்கம் கேட்பது மரியாதைக் குறைவன்று; அது உங்கள் உரிமை.