கூண்டில் நின்ற வழக்கறிஞர்

திருவண்ணாமலையில் அதிகாலையில் கிரிவலப் பாதையில் நடக்கும் ஓய்வூதியர் குழு எங்களுடையது. அண்மையில், கைதான ஒருவரைப் பற்றிய செய்தியைப் படித்த நண்பர், இவருக்காகச் சாட்சிகளை ஏன் குறுக்கு விசாரணையில் அலைக்கழிக்க வேண்டும் என்று கேட்டார். எனக்கு வ.உ.சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கை நினைவுக்கு வந்தது.

பொருளியல் வகுப்பில் அவரை, 1906இல் பத்து லட்ச ரூபாய் மூலதனத்தில் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கியவராகவே அறிமுகப்படுத்தி வந்தேன். அதற்கு முன்பே அவர் வழக்கறிஞர் என்பதை நான் அழுத்திச் சொன்னதில்லை.

இந்தியச் சாட்சியச் சட்டம் 1872 செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நான்கு நாள் கழித்து ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்தார். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய அச்சட்டம் தந்த உரிமையே பின்னாளில் அவருடைய தொழிற்கருவியாயிற்று. ஏழைகளுக்காக வாதாடினார், காவல்துறை தொடுத்த வழக்குகளை முறியடித்தார். பகை வளர்வதைக் கண்ட தந்தை உலகநாத பிள்ளை, 1900இல் மகனைத் தூத்துக்குடிக்கு அனுப்பினார்.

1908 மார்ச்சில் அவரே கைதாகிக் கூண்டில் நின்றார். அவருடைய மேடைப் பேச்சே குற்றமாயிற்று; அதைக் குறித்துவைத்த காவலர்கள் சாட்சிகளாயினர். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. எனினும் கோவைச் சிறையில் செக்கிழுத்த அவர், 1912 டிசம்பரில்தான் விடுதலையானார். அதற்குள் வழக்கறிஞர் உரிமமும் பறிபோயிருந்தது.

குறுக்கு விசாரணை உரிமை இருந்தும் அவருக்கு நீதி கிடைக்கவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. முன்முடிவின்றிக் கேட்கும் நீதிபதியும் வேண்டும். ஆனால் அந்த உரிமையும் இல்லையென்றால், காவல்துறையின் சொல்லே தீர்ப்பாகிவிடும். 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்துக்குப் புதிய சட்டம் வந்த பிறகும் இவ்வுரிமை நீடிப்பது அதனால்தான்.

பிற்காலத்தில் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வ.உ.சி. உரிமத்தைத் திரும்பப் பெற்றார். நன்றியாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். கோவில்பட்டியில் மீண்டும் வழக்காடினார். 1936இல் மறைந்தார்.

தம்மைச் சிறைக்கு அனுப்பிய நீதிமன்றத்துக்கே பிறருக்காக வாதாடத் திரும்பியவர் அவர். சாட்சியைக் கேள்வி கேட்கும் உரிமை குற்றவாளிக்குக் காட்டும் சலுகையன்று. குற்றவாளியா என்பதை அறியும் வழி. மறுநாள் நடையில் நண்பரிடம் இதைத்தான் சொன்னேன்.