பள்ளிக்கூடத்தின் வரவு செலவைக் கேட்ட அம்பேத்கர்

பாகூர் கொம்யூனில், கடலையொட்டிய பனித்திட்டில், கல்லூரி மாணவர் சிலருடன் ஒரு மாலை நாம் அமர்ந்திருந்தோம். ஒரு மாணவிக்குக் கல்வி உதவித்தொகை வந்து சேரவில்லை. கட்டணம் பாக்கி என்று சொல்லி, அவர் படித்த கல்லூரி மதிப்பெண் பட்டியலைத் தர மறுத்துவிட்டது. மனு எழுதிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: இந்த உதவித்தொகையை முதலில் யார் வாங்கிக் கொடுத்தது? சுவரில் அம்பேத்கர் படம் மாட்டியிருந்தது. அரசமைப்புச் சட்ட நூலைக் கையில் ஏந்திய படம்தான். நாட்டின் நிதிக்கணக்கைப் படித்த அம்பேத்கரை நம் சுவர்களில் எவரும் வரைவதில்லை.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில், இராம்ஜி சக்பாலின் பதினான்காவது பிள்ளையாக அவர் பிறந்தார். சாத்தாராப் பள்ளியில் வீட்டிலிருந்து கொண்டுபோன கோணியில் தனியே அமர வேண்டும். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். இதை எல்லோரும் அறிவோம். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அது தனியார் பள்ளியன்று, அரசுப் பள்ளி. வரிப்பணத்தில் நடந்த இடத்தில்தான் வரி கட்டியவரின் பிள்ளை கோணியில் அமர்ந்தான்.

எல்பின்ஸ்டன் கல்லூரியில் பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த மாதம் 25 ரூபாயில் படித்தார். 1913இல் அமெரிக்கா செல்ல மாதம் பதினொன்றரைப் பவுன் கிடைத்தது. மூன்றாண்டுப் படிப்புக்கு ஈடாகப் பத்தாண்டுகள் பரோடாவில் பணியாற்ற வேண்டும் என்று ஒப்பந்தம். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பரோடாவில் அரசு அதிகாரியாக இருந்தும், தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து விரட்டப்பட்டார். சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேமித்த பணமும் சாகு மகராஜின் உதவியும் சேர்ந்துதான் அவரை மீண்டும் இலண்டனுக்கு அனுப்பின. உதவித்தொகை நின்றுபோனால் ஒரு மாணவருக்கு என்ன நேரும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆசிரியர் வரிவிதிப்பியல் அறிஞர் செலிக்மன். பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி எவ்வாறு வளர்ந்தது என்பதே அவர் எடுத்த ஆய்வு, 1925இல் நூலாயிற்று. வரியை யார் வசூலிக்கிறார், யார் செலவிடுகிறார், கணக்கு யாரிடம் சொல்லப்படுகிறது என்பதை அந்நூல் பின்தொடர்கிறது. புதுச்சேரி மாணவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். சட்டமன்றம் இருந்தும் ஒன்றிய நிதிக்குழுவின் வரம்புக்குள் வராத ஆட்சிப்பகுதி நம்முடையது. நம் வகுப்பறைக்கான பணத்தில் ஒரு பகுதி தில்லியின் மானியக் கோப்பைப் பார்த்தே காத்திருக்கிறது.

1926இன் இறுதியில் பம்பாய்ச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். 1927 மார்ச் 12 அன்று கல்வி மானியக் கோரிக்கையின்மீது அவர் ஆற்றிய உரை, நம் பார்வையில், அவருடைய வாழ்வில் போதிய அளவு பேசப்படாத நிகழ்வு. மாகாண அரசு தலைக்கு 14 அணா கல்விக்குச் செலவிடுகிறது. ஆனால் கள், சாராய வரியாகத் தலைக்கு 2 ரூபாய்க்கு மேல் வசூலிக்கிறது என்று கணக்கை விரித்துக் காட்டினார். கொடுப்பதையும் எடுப்பதையும் குறைந்தது சமமாகவாவது வையுங்கள் என்பது அவர் வாதம். தொடக்கப் பள்ளியில் சேரும் நூறு பிள்ளைகளில் 18 பேரே நான்காம் வகுப்பை எட்டுகின்றனர். மற்றவர்கள் எழுத்தறியாமைக்கே திரும்புகின்றனர் என்றார். கல்லூரிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாணவரின் கட்டணத்திலிருந்தே வருவதைக் காட்டி, இது கல்வியை வணிகமாக்குவது என்று கண்டித்தார். இன்னொன்றும் கேட்டார்: உதவித்தொகையைப் பணமாகக் கொடுத்தால் அது பெற்றோரின் வறுமையில் கரைகிறது, அந்தப் பணத்தில் விடுதி கட்டுங்கள். பேச்சோடு நிற்கவில்லை; 1925இலேயே அவருடைய பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்திருந்தது. அந்த உரைக்கு எட்டாம் நாள், மார்ச் 20 அன்று, மகாடில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். பொதுக்குளமும் பொதுப்பள்ளியும் அவருக்கு ஒரே வழக்கின் இரு மனுக்கள்.

1928இல் சைமன் குழுவிடம் அளித்த அறிக்கையில் மேலும் கூர்மையான ஒரு வாதம் உண்டு. தொடக்கக் கல்வியை உள்ளாட்சிப் பள்ளி வாரியங்களிடம் ஒப்படைப்பது ஒடுக்கப்பட்டோர் கல்விக்குக் கேடாக முடியும் என்றார். அதிகாரப் பரவல் நல்லது என்றே நாமும் பழகியிருக்கிறோம். ஆனால் வாரியத்தில் உட்காருபவர் ஊர்த்தெருவினர், படிக்க வேண்டியவர் சேரிப்பிள்ளை என்றால் பணம் எங்கே போகும்? அவர் படித்த அமெரிக்காவில் இக்கேள்வி இன்றும் தீரவில்லை. அங்கு அரசுப் பள்ளிகள் பெருமளவு அந்தந்த வட்டாரத்தின் சொத்து வரியை நம்பியிருப்பதால், ஏழை வட்டாரத்தின் பள்ளியும் ஏழையாகிறது. 1973இல் சான் அந்தோனியோவின் ரோட்ரிகஸ் வழக்கில், அந்த ஏற்றத்தாழ்வு அரசமைப்புச் சட்டத்தை மீறவில்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் படித்தவர்கள் நான்கு பேரின் மாறுபட்ட தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1942இல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அவ்வாண்டு அக்டோபர் 29 அன்று, பட்டியல் சாதியினரின் குறைகளை விளக்கும் நீண்ட குறிப்பை வைஸ்ராயிடம் அளித்தார். அலிகருக்கும் பனாரசுக்கும் அரசு மானியம் செல்வதைச் சுட்டி, எம் பிள்ளைகளின் உயர்கல்விக்கு என்ன ஒதுக்கினீர்கள் என்று கேட்டார். ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் கிடைத்தது. 1944இல் தொடங்கிய மெட்ரிக் பிந்தைய உதவித்தொகை அந்தக் கேள்வியின் விளைவு. பனித்திட்டு மாணவியின் வினாவுக்கும் இதுவே விடை.

1948 நவம்பரில் அரசமைப்பு அவையில், இலவசக் கட்டாயக் கல்வியின் வயது வரம்பைப் பதினொன்றாகக் குறைக்கச் சொன்னவர்களை மறுத்து, பதினான்கில் உறுதியாக நின்றார். அதற்குக் குறைந்த வயதில் வேலைக்கு வைப்பதைத் தடுக்கும் பிரிவு இருக்கையில், அப்பிள்ளைகள் இருக்க வேண்டிய இடம் பள்ளிதான் என்பது அவர் காட்டிய காரணம். பத்தாண்டுக்குள் நிறைவேற்ற முயலுமாறு 45ஆம் உறுப்பு கூறியது. அடிப்படை உரிமையானது 2002இல், சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010இல். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும் 1950இல் ஔரங்காபாத்தில் மற்றொரு கல்லூரியும் அவருடைய மக்கள் கல்விக் கழகத்தால் எழுந்தன. 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார்.

2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை இந்த உதவித்தொகையின் பங்கீட்டை ஒன்றியத்துக்கு 60, மாநிலங்களுக்கு 40 என மாற்றி, ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் என அறிவித்தது. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே ஒன்றியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை கல்லூரி காத்திருக்க வேண்டும். பல கல்லூரிகள் காத்திருப்பதில்லை. அந்த மாணவியின் மனுவில் உதவித்தொகை அனுமதிக்கப்பட்ட தேதி, ஒவ்வொரு பங்கும் விடுவிக்கப்பட்ட தேதி ஆகியவற்றைக் கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தனி விண்ணப்பமும் இணைத்தோம். அதன் நகலை மற்ற மாணவர்களும் வாங்கிக்கொண்டு, தங்கள் பெயரில் எழுதத் தொடங்கினர்.