மோனாகோ அரசியார் கிரேஸ் அம்மையார்

சினிமா நடிகை ஒருவரின் சரிதம் நம் பத்திரிகையில் வருதல் தகுமோ என்று நம் சங்கத்துப் பெரியோர் சிலர் ஐயுறக்கூடும். நாம் எழுதப் புகுவது நடிப்பின் பெருமையையன்று. கொத்துவேலையில் வாழ்வு தொடங்கிய ஒருவரின் மகள், தம் கலையை வாயிற்படியிலே விட்டுவிட்டு அரண்மனை புகுந்த வரலாற்றையே எழுதுகிறோம். பெண்ணைப் பெற்றுப் பிறர் மனைக்கு அளிப்போர் யாவரும் இதனை ஒருமுறை படித்தல் நலம்.

கிரேஸ் கெல்லி அம்மையார் 1929-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12-ஆம் தேதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் கெல்லி, அயர்லாந்திலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்தினர். இளமையில் செங்கல் அடுக்கிப் பிழைத்து, பின்னர்க் கட்டட ஒப்பந்தத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர். படகு வலித்தலில் பெயர் பெற்ற வீரர். ஆயினும் 1920-இல் இங்கிலாந்தின் ஹென்லிப் படகுப் பந்தயத்தில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. அவருடைய படகுச் சங்கத்தின் மீதிருந்த பழைய தடை ஒரு காரணம். கைத்தொழில் செய்து பிழைத்தவர் அப்பந்தயத்திற்கு உரியரல்லர் என்னும் விதி மற்றொன்று. அவ்வாண்டிலேயே ஆண்ட்வெர்ப் நகரில் நடந்த ஒலிம்பிக் பந்தயத்தில், ஹென்லியில் வென்ற ஆங்கிலேயரையே தோற்கடித்து அவர் தங்கப் பதக்கம் பெற்றார். 1947-இல் அவர் மகன் ஹென்லியில் வெற்றி பெற்றுத் தந்தையின் நெடுநாள் மனக்குறையைத் தீர்த்தார். உழைத்த கையை இழிவென்று கருதிய பெரிய மனிதர்களின் விதி அதற்கு முன்னரே நீக்கப்பட்டிருந்தது.

இத்தகைய தந்தைக்கு மகள் நடிப்புத் தொழிலை நாடியது உவப்பாக இல்லை. ஆயினும் பெரிய தந்தையார் ஜார்ஜ் கெல்லி பரிசு பெற்ற நாடகாசிரியர். அவருடைய ஆதரவு அம்மையாருக்கு இருந்தது. 1947-இல் நியூயார்க் சென்று நாடகக் கலாசாலையில் பயின்றார். விளம்பரப் படங்களுக்கு நின்று கிடைத்த ஊதியத்தால் தம் செலவைத் தாமே பார்த்துக்கொண்டார். 1951 முதல் 1956 வரை அவர் நடித்த படங்கள் பதினொன்றே. அவற்றுள் ஹிட்ச்காக் இயக்கியவை மூன்று. குடிகாரக் கணவனோடு வாடும் மனைவியாக நடித்த ஒரு படத்திற்காக 1955-இல் ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

அவ்வாண்டு மே மாதம், பிரான்ஸ் தேசத்துக் கான் நகரில் நடந்த படவிழாவிற்குச் சென்றிருந்தபோது, ஒரு பத்திரிகையின் ஏற்பாட்டால் மோனாகோ அரண்மனைக்குச் சென்று மன்னர் மூன்றாம் ரெய்னியரைச் சந்தித்தார். மோனாகோ கடலோரத்தில் உள்ள மிகச் சிறிய சமஸ்தானம். அந்நாளில் இரண்டு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்புடையது. 1918-ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி, அரச வமிசம் வாரிசின்றி முடியுமாயின் அந்நாடு பிரான்ஸின் பாதுகாப்பிற்குட்பட்டதாகிவிடும் என்னும் நிலை அந்நாளில் இருந்தது. ஆகவே மன்னரின் விவாகம் குடிகள் அனைவரின் கவலையாக இருந்தது. 1956 ஜனவரியில் நிச்சயதார்த்தம் அறிவிக்கப்பட்டது. பெண் வீட்டார் இருபது லட்சம் டாலர் சீதனம் அளித்ததாகச் சொல்லப்படுகிறது. அரச குலத்திலும் இவ்வழக்கம் உண்டு போலும்! ஏப்ரல் 18, 19 தேதிகளில் விவாகம் நடந்தேறியது. கோடிக்கணக்கானோர் அதனை டெலிவிஷனில் கண்டனர்.

கரோலின், ஆல்பர்ட், ஸ்டெபானி என்னும் மூன்று மக்கள் பிறந்தனர். நாட்டின் கவலை தீர்ந்தது. அம்மையாரின் கலைத் தாகமோ தீரவில்லை. 1962-இல் ஹிட்ச்காக் தம் புதிய படம் ஒன்றிற்கு அழைக்க, மன்னரும் இசைந்து, அரண்மனையிலிருந்தே அறிவிப்பு வெளியாயிற்று. உடனே குடிகளிடையே முணுமுணுப்பு எழுந்தது. தங்கள் அரசி திருடியாக வேடம் பூண்டு, வேறொரு நடிகரால் தழுவப்படுவதா என்று அவர்கள் வெகுண்டனர். அதே சமயம் வரி விஷயமாகப் பிரான்ஸுக்கும் மோனாகோவுக்கும் பெரும் பிணக்கு மூண்டிருந்தது. அம்மையார் பின்வாங்கினார்; அவ்வேடம் வேறொரு நடிகைக்குச் சென்றது. அந்நாட்டார் எந்தப் புகழைக் கண்டு அவரை மகிழ்ந்து வரவேற்றனரோ, அப்புகழை ஈட்டித் தந்த தொழிலையே அவருக்கு விலக்கினர். இது நியாயமென்று நமக்குத் தோன்றவில்லை. ஆயினும் அம்மையார் யாரையும் பகிரங்கமாகக் குறை கூறினாரில்லை.

அதன்பின் செஞ்சிலுவைச் சங்கம், மருத்துவமனை, குழந்தைகள் நலம், மலர்க்கலை என்று பல பணிகளில் மனத்தைச் செலுத்தினார். அவற்றுள் ஒன்றை நாம் விசேஷமாகக் கூற விரும்புகிறோம். அமெரிக்காவில் நிறவேற்றுமையால் அவமதிக்கப்பட்டவரும், அநாதைச் சிறுவர் பலரை எடுத்து வளர்த்தவருமான கறுப்பின நடனமணி ஜோசபைன் பேக்கர், 1969-இல் கடனால் இல்லம் இழந்து நின்றார். அவருக்கு மோனாகோவுக்கு அருகே வீடு கிடைக்கச் செய்தவர் கிரேஸ் அம்மையாரே. 1975-இல் பேக்கர் காலமானபோது அவர் உடல் மோனாகோவிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

1976-இல் எடின்பரோ விழாவில் அம்மையார் மேடையேறிக் கவிதைகள் வாசித்தார். பின்னரும் சில ஆண்டுகள் பல நகரங்களில் அவ்வாறு வாசித்து வந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின் அவருக்குக் கிடைத்த மேடை அதுவே.

1982 செப்டம்பர் 13-ஆம் தேதி, மலைமேலுள்ள தம் பண்ணை வீட்டிலிருந்து இளைய மகளுடன் காரோட்டி வருகையில், மூளையில் இரத்தக் கசிவு உண்டாகி வண்டி சரிவில் உருண்டது. மகள் பிழைத்தார், அம்மையார் மறுநாள் தம் 52-ஆம் வயதில் உயிர் நீத்தார். இவ்விபத்தைப் பற்றிப் பத்திரிகைகள் புனைந்த கதைகளை நாம் இங்கு எழுதோம்.

மன்னர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 2005-இல் அவரும் காலமாகி, அம்மையாரின் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். அம்மையாரின் கல்லறையில் இலத்தீன் மொழியில் பொறித்திருப்பது அவர் பெயரும், மூன்றாம் ரெய்னியரின் மனைவி என்பதும், இறந்த ஆண்டுமே.