பொதுக் கிணற்றுக்கு வழி திறந்தவர்

பள்ளிக்கூட மணி அடித்தது. அதுவரை எட்டி நின்றிருந்த ஒரு சிறுவன் அப்போதுதான் உள்ளே ஓடினான். மாலையில் மணி அடித்ததும், யாரும் பேச்சுக் கொடுப்பதற்குள் வீட்டை நோக்கி விரைந்தான்.

ஏன் இந்த அவசரம்? உடன் படித்தவர்களில் பெரும்பாலோர் மேல்சாதிப் பிள்ளைகள். எந்த ஊர், எந்தத் தெரு, என்ன சாதி என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயந்தான்! மற்றப் பிள்ளைகளோடு விளையாட ஆசை இருந்தது. துணிவு வரவில்லை.

கோவையில் அப்படி ஒதுங்கி நின்று படித்த சிறுவன், பிற்காலத்தில் சென்னைச் சட்டசபையிலும் லண்டன் மாநாட்டிலும் எழுந்து நின்று தம் மக்களுக்கு உரிமை கேட்டார். அவர்தான் இரட்டைமலை சீனிவாசன்.

ஏச்சே பெயர் ஆயிற்று

செங்கற்பட்டு மாவட்டத்தில் உள்ள கோழியாளம் அவர் பிறந்த ஊர். படிப்பு முடிந்ததும் நீலகிரியில் வெள்ளைக்காரர் கம்பெனியில் கணக்கர் வேலை பார்த்தார். பிறகு சென்னைக்கு வந்தார்.

1891-ம் ஆண்டில் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893-ம் ஆண்டில் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அதற்கு என்ன பெயர் வைப்பது? எந்தப் பெயரைச் சொல்லித் தம் மக்களை ஏசினார்களோ, அந்தப் பெயரையே வைத்தார். "பறையன்" என்று பத்திரிகை வெளிவந்தது. பள்ளியில் சாதியைச் சொல்ல அஞ்சியவர், இப்போது அதையே கொட்டை எழுத்தில் அச்சிட்டார். வெட்கப்பட வேண்டியவர்கள் நாங்கள் அல்ல என்பதே அதன் பொருள்.

1900-ம் ஆண்டு கப்பல் ஏறினார். தென் ஆப்பிரிக்காவில் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணி புரிந்தார். சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதை அருகில் இருந்து பார்த்தார். ஊர் திரும்பியபோது அவருக்கு வயது அறுபதை ஒட்டியிருந்தது.

பலர் ஓய்வு எடுக்கும் வயது அது. அவருடைய பெரிய வேலை அப்போதுதான் தொடங்கியது.

தெருவும் கிணறும்

1923-ம் ஆண்டில் அவரைச் சென்னைச் சட்டசபையில் நியமன அங்கத்தினர் ஆக்கினார்கள்.

அந்தக் காலத்துக் கிராமத்தை நினைத்துப் பாருங்கள். ரோடு போட்டது பொதுப் பணம். கிணறு வெட்டியது பொதுப் பணம். ஆனால் பல ஊர்களில் ஆதிதிராவிடர் அந்தத் தெருவில் நடக்கக்கூடாது. அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கக்கூடாது. தாகத்தோடு குடத்தை வைத்துக்கொண்டு எட்டி நிற்கவேண்டும். யாராவது மனம் இரங்கி ஊற்றினால் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

சீனிவாசன் 1924-ம் ஆண்டில் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். எந்தச் சாதியாரும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கலாம், பொதுக் கிணறு, குளம், சர்க்கார் அலுவலகம், பொது இடம் எதற்கும் மற்றவர்களைப் போலவே போகலாம், யாரும் தடுக்கக்கூடாது. இதுதான் தீர்மானத்தின் சாரம்.

தீர்மானம் நிறைவேறியது. 1925-ம் ஆண்டு அரசாங்கக் கெஜட்டிலும் வெளியாயிற்று.

அதோடு கஷ்டம் தீர்ந்ததா? இல்லை. கெஜட் சென்னையில் இருந்தது. கிணறு கிராமத்தில் இருந்தது. துணிந்து தண்ணீர் எடுத்தவனுக்கு மறுநாள் கூலிவேலை கிடைக்காது. கடைக்காரர் அரிசி தரமாட்டார். உரிமை இருந்தும் ஊர்க்கட்டுப்பாடு அதை விழுங்கிவிடும்.

லண்டன் மாநாடு

1930-ம் ஆண்டு லண்டனில் வட்டமேஜை மாநாடு கூடியது. தாழ்த்தப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக இருவர் சென்றார்கள். ஒருவர் டாக்டர் அம்பேத்கர். மற்றவர் சீனிவாசன்.

மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், தீண்டாமை என்றால் என்ன என்று அவரிடம் கேட்டாராம். தாழ்ந்த சாதிக்காரன் ஒருவன் தெருவில் விழுந்துவிட்டால், மேல்சாதிக்காரர் அவனைத் தொட்டுத் தூக்கமாட்டார் என்று சீனிவாசன் விளக்கினாராம். மன்னர் திடுக்கிட்டார் என்று சொல்வார்கள்.

அங்கே சிறுபான்மையோர் பிரச்னைகளை ஆராய ஒரு கமிட்டி இருந்தது. அம்பேத்கரும் சீனிவாசனும் சேர்ந்து ஒரு கோரிக்கைப் பத்திரம் கொடுத்தார்கள். எல்லாரும் சமமான குடிமக்கள் என்று சட்டம் சொல்லவேண்டும். சட்டசபைகளிலும் உத்தியோகங்களிலும் உரிய இடம் வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள்: உரிமையைப் பயன்படுத்தியவனை ஊர்விலக்குச் செய்தால், அப்படிச் செய்தவருக்குத் தண்டனை வேண்டும். கெஜட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே இருந்த பள்ளத்தை அடைக்கும் வழி அதுதான்.

1932-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் சீனிவாசனும் கையெழுத்திட்டார். அந்த ஒப்பந்தப்படி மாகாணச் சட்டசபைகளில் தாழ்த்தப்பட்டோருக்கு 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. சென்னை மாகாணத்தின் பங்கு 30.

விதைத்தவர் காணாத விளைச்சல்

1945-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் சீனிவாசன் காலமானார். நாடு விடுதலை பெற அப்போது இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

1950-ம் ஆண்டு இந்திய அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தது. அதன் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15-வது பிரிவு, கடை, கிணறு, குளம், சாலை ஆகியவற்றுக்குப் போகும் எவரையும் சாதியின் பெயரால் தடுக்கக்கூடாது என்றது. சென்னைச் சட்டசபையில் அந்த முதியவர் கேட்ட அதே கிணறு, அதே குளம், அதே சாலை! 1955-ம் ஆண்டில் வந்த மற்றொரு சட்டம், தீண்டாமையைக் கடைப்பிடிப்போருக்குத் தண்டனை விதித்தது.

இத்தனை சட்டங்கள் வந்த பின்பும், தண்ணீருக்கும் தெருவுக்கும் தகராறு நடந்த ஊர்கள் உண்டு. சட்டம் கதவைத் திறந்து வைக்கும். உள்ளே வருகிறவனை வா என்று அழைக்க வேண்டியது பக்கத்து வீட்டுக்காரர்தான்.

மணி அடிக்கும்வரை எட்டி நின்றான் ஒரு சிறுவன். இன்று எந்தப் பள்ளி வாசலிலும் எந்தக் குழந்தையும் அப்படி நிற்கக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதே சீனிவாசனுக்கு நாம் செய்யும் மரியாதை.